மின்சாரக் காரில் ஏலகிரி: ஏற்றத்துக்கு எத்தனை யூனிட்?

சென்னை வியாசர்பாடி பணிமனையில் 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் தொடங்கி வைக்கப்பட்டன. பணிமனைக்கே திரும்பும் பேருந்துக்குச் சார்ஜ் கவலை குறைவு. கோடை விடுமுறையில் மின்சாரக் காரில் மலைக்குப் புறப்படுவோர் கணக்குப் பார்த்துச் செல்ல வேண்டும்.

வியாசர்பாடியிலிருந்து வேலூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி சுமார் 230 கிலோமீட்டர். கண்ணுக்குக் குளிர்ச்சியான மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்றம் சுமார் 700 மீட்டர். 1,600 கிலோ எடையுள்ள காரை இவ்வுயரம் ஏற்ற 3 யூனிட் மின்சாரம் தேவை. சேதாரத்துடன் 4 யூனிட் எனக் கொள்ளலாம். 5 குதிரைத்திறன் பம்புசெட் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் செலவு இது. சமதரையில் இதைக் கொண்டு சுமார் 25 கிலோமீட்டர் ஓடலாம்.

இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். பேட்டரி நிறைந்திருந்தால் அதை ஏற்காது; முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து சூடேறும். ஆகவே அடிவாரத்துக்கு முன்பே தேவையான சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். மலைமேல் சார்ஜ் செய்தால் 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. காரை மர நிழலில் நிறுத்தினால் பேட்டரியின் ஆயுள் கூடும்.