கூட்டாண்மையிலிருந்து உறுப்புரிமைக்கு: நேட்டோ விரிவாக்கத்தில் பின்லாந்தின் பங்களிப்பு (1994–2023)

ஆய்வுச் சுருக்கம்

வட அட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பில் (நேட்டோ) பின்லாந்து 2023 ஏப்ரல் 4 அன்று 31ஆவது உறுப்பு நாடாக இணைந்தது. விண்ணப்பித்து ஓராண்டு நிறைவதற்குள் இணைப்பு முடிந்துவிட்டதால் இது உக்ரைன் போரினால் விளைந்த திடீர் மாற்றமாகவே பலராலும் கருதப்படுகிறது. எனினும் அதற்கு முன்னர் ஏறத்தாழ 29 ஆண்டுகள் பின்லாந்து அவ்வமைப்பின் கூட்டாண்மை நாடாக இயங்கியது. அக்காலத்தில் அது ஆற்றிய பங்களிப்பின் தன்மையையும், அப்பங்களிப்பு உறுப்புரிமைக்கு எந்த அளவில் துணைநின்றது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. பங்களிப்பு ஒரு நாட்டை உறுப்புரிமைக்கு ஆயத்தப்படுத்துகிறது. உறுப்புரிமையை வழங்குவதோ உறுப்பு நாடுகளின் ஒருமனதான அரசியல் முடிவு என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பின்லாந்து, நேட்டோ, கூட்டாண்மை, கூட்டுப் பாதுகாப்பு, அணிசேராமை, விரிவாக்கம்.

1. பின்புலம்

பின்லாந்து ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கும் நீண்ட நில எல்லையைக் கொண்ட நாடு. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் தொடுத்த குளிர்காலப் போரில் பின்லாந்து தனித்தே போரிட்டது. 1940 மார்ச்சில் தன் நிலப்பரப்பின் ஒரு பகுதியை இழந்து உடன்பாட்டுக்கு வந்தது. 1948இல் சோவியத் ஒன்றியத்துடன் நட்பு, ஒத்துழைப்பு, பரஸ்பர உதவி உடன்படிக்கையைச் செய்துகொண்டது. ஜெர்மனியோ அதன் நட்பு நாடுகளோ பின்லாந்தின் வழியாகச் சோவியத் ஒன்றியத்தைத் தாக்கினால் அதனை எதிர்க்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் முதன்மையான கடப்பாடு. எனவே பனிப்போர்க் கால நடுநிலைமை பின்லாந்து தன் விருப்பப்படி மட்டும் வகுத்துக்கொண்ட கொள்கை எனக் கூற இயலாது.

1992இல் அவ்வுடன்படிக்கை முடிவுக்கு வந்தது. 1995இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது. அதன்பின் அதன் நிலைப்பாடு, எந்தப் படைக்கூட்டணியிலும் சேராதிருத்தல் என்ற அளவில் சுருங்கியது. தேவை எழுந்தால் நேட்டோவில் சேரும் உரிமையைத் தன்வசம் வைத்துக்கொள்ளுதலும் அக்கொள்கையின் ஒரு கூறாக இருந்தது.

2. கூட்டாண்மையின் செயல்முறை

நேட்டோ 1994 ஜனவரியில் ‘அமைதிக்கான கூட்டாண்மை’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பின்லாந்து அதே ஆண்டு மே 9 அன்று அதில் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் திட்டமிடல், மீளாய்வு நடைமுறையிலும் பங்கேற்றது. இந்நடைமுறையில் கூட்டாண்மை நாடும் நேட்டோவும் கலந்துபேசி இலக்குகளை வகுத்துக்கொள்கின்றன. படைப்பிரிவுகளின் பயிற்சி, தகவல்தொடர்பு முறை, கட்டளை அமைப்பு, தளவாடத் தரம் ஆகியவை அவ்விலக்குகளின்படி மதிப்பிடப்படுகின்றன. இயைந்து செயல்படும் திறன் எனப்படுவது இதன் பயனாகும்: வெவ்வேறு நாடுகளின் படைகள் ஒரே களத்தில், ஒரே கட்டளையின்கீழ், இடர்ப்பாடின்றி இயங்கும் நிலை அது.

பின்லாந்து தன் விமானப்படைக்கு 1992இல் 64 அமெரிக்க எஃப்-18 போர்விமானங்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுக்கு மாற்றாக 2021 டிசம்பரில் 64 எஃப்-35 விமானங்களைத் தேர்ந்தெடுத்தது. இவ்விரு முடிவுகளும் உறுப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே எடுக்கப்பட்டவை.

3. களப்பணியும் வட்டார ஒத்துழைப்பும்

பின்லாந்தின் பங்களிப்பை மூன்று தளங்களில் காணலாம். முதலாவது, களப்பணி. போஸ்னியா, கொசோவோ, ஆப்கானிஸ்தான் ஆகிய இடங்களில் நேட்டோ தலைமையில் நடந்த பணிகளில் பின்லாந்துப் படையினர் பங்கேற்றனர்.

இரண்டாவது, வட்டார ஒத்துழைப்பு. டென்மார்க், ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளுடன் சேர்ந்து 2009இல் நோர்டிக் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பைப் பின்லாந்து உருவாக்கியது. நேட்டோ உறுப்பினர் மூவரும் உறுப்பினரல்லாத இருவரும் ஒரே அமைப்பில் பணியாற்றியதால், கூட்டணிக்கு உள்ளும் புறமும் என்ற பிரிவு நடைமுறையில் மங்கியது. கலப்புவகை அச்சுறுத்தல்களை எதிர்கொள்வதற்கான ஐரோப்பிய மையம் 2017இல் ஹெல்சிங்கியில் நிறுவப்பட்டது. இணையத் தாக்குதல், பொய்ச்செய்தி, பொருளாதார நெருக்குதல் போன்றவற்றை ஆராயும் அம்மையத்தில் நேட்டோ நாடுகளும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பங்கேற்கின்றன.

மூன்றாவது, உள்நாட்டுத் தற்காப்பு வலிமை. ஏறத்தாழ 55 லட்சம் மக்களைக் கொண்ட பின்லாந்து, ஆண்களுக்கான கட்டாயப் படைச்சேவையைப் பனிப்போருக்குப் பின்னரும் கைவிடவில்லை. போர்க்காலத்தில் 2,80,000 வீரர்களைத் திரட்டும் ஏற்பாடு அதனிடம் உள்ளது. கூட்டணியின் பாதுகாப்பை வாங்கிக்கொள்பவராக மட்டுமன்றி வழங்குபவராகவும் அது மதிக்கப்பட்டதற்கு இதுவே அடிப்படை.

4. கூட்டாண்மையின் எல்லை

2014 செப்டம்பரில் நடந்த வேல்ஸ் உச்சி மாநாட்டில் பின்லாந்து, சுவீடன், ஜார்ஜியா, ஜோர்டான், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் கூடுதல் வாய்ப்புகளுக்குரிய கூட்டாண்மை நாடுகளாக ஏற்கப்பட்டன. நேட்டோ படைகளைத் தன் மண்ணில் வரவேற்று உதவுவதற்கான புரிந்துணர்வு உடன்பாட்டிலும் பின்லாந்து அப்போது கையொப்பமிட்டது.

எனினும் நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகக் கருத வேண்டும் என்கிறது. கூட்டாண்மை நாட்டுக்கு இவ்வுறுதி பொருந்தாது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது இவ்வேறுபாட்டின் பொருள் வெளிப்பட்டது. உக்ரைனும் நேட்டோவின் கூட்டாண்மை நாடே. அதற்கு ஆயுதங்கள் வந்தன. நேட்டோ படைகள் வரவில்லை. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், நேட்டோ இனி விரிவடையக்கூடாது என ரஷ்யா விடுத்த கோரிக்கை, பின்லாந்து காத்துவந்த தெரிவுரிமையையே கேள்விக்குள்ளாக்கியிருந்தது.

5. விண்ணப்பமும் ஒப்புதலும்

2022 மே 17 அன்று பின்லாந்து நாடாளுமன்றம் 188க்கு 8 என்ற வாக்குகளில் விண்ணப்பத்தை ஆதரித்தது. மறுநாள் சுவீடனுடன் சேர்ந்து விண்ணப்பம் அளிக்கப்பட்டது. உறுப்புரிமைக்கு முந்தைய ஆயத்தச் செயல்திட்டம் பின்லாந்திடம் கோரப்படவில்லை. இணைப்புப் பேச்சு ஜூலை 4 அன்று ஒரே நாளில் நிறைவுற்றது. மறுநாள் இணைப்பு நெறிமுறை கையொப்பமாயிற்று. நீண்டகாலக் கூட்டாண்மையின் பயன் இங்கே தெளிவாகிறது: சரிபார்க்க வேண்டியவை பெரும்பாலும் முன்னரே சரிபார்க்கப்பட்டிருந்தன.

அடுத்த கட்டத்தில் அப்பயன் போதவில்லை. ஒப்பந்தத்தின் 10ஆவது பிரிவின்படி புதிய நாட்டை அழைக்க ஒருமனதான இசைவு தேவை. அதன் இணைப்பு நெறிமுறைக்கும் ஒவ்வோர் உறுப்பு நாடும் ஒப்புதல் வழங்க வேண்டும். குர்திய அமைப்புகள், ஆயுத ஏற்றுமதித் தடை ஆகியவற்றை முன்னிட்டுத் துருக்கி தடை எழுப்பியது. ஜூன் 28 அன்று மாட்ரிடில் துருக்கி, பின்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளும் செய்துகொண்ட உடன்பாடு அழைப்புக்கு வழிவிட்டது. ஆயினும் ஹங்கேரியும் துருக்கியும் 2023 மார்ச் இறுதியில்தான் பின்லாந்துக்கு ஒப்புதல் அளித்தன. பின்லாந்தோடு ஒத்த தகுதியுடைய சுவீடன் 2024 மார்ச் 7 வரை காத்திருக்க நேர்ந்தது.

6. ஒப்பீடு

ஜார்ஜியாவின் நிலை இதனை மேலும் தெளிவாக்கும். ஆப்கானிஸ்தான் பணிக்கு மிகுதியான வீரர்களை அனுப்பிய உறுப்பினரல்லாத நாடாக அது ஒரு கட்டத்தில் விளங்கியது. ஜார்ஜியாவும் உக்ரைனும் உறுப்பினராகும் என 2008 ஏப்ரலில் புகாரெஸ்ட் உச்சி மாநாடு அறிவித்தது. ஆனால் ஆயத்தச் செயல்திட்டம் வழங்க ஜெர்மனியும் பிரான்சும் இணங்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ரஷ்யாவுடன் போர் மூண்டது. ஜார்ஜியா இன்றளவும் உறுப்பினராகவில்லை. பெயர் குறித்த கிரேக்கத்தின் எதிர்ப்பால் வடக்கு மாசிடோனியா, 1999இல் ஆயத்தச் செயல்திட்டத்தில் சேர்ந்தும் 2020இல்தான் உறுப்பினராயிற்று. எனவே பங்களிப்பின் அளவைக் கொண்டு மட்டும் விரிவாக்கத்தை விளக்க முடியாது. எல்லைத் தகராறின்மை, உறுப்பு நாடுகளின் தனிநலன், காலச்சூழல் ஆகியவையும் உடன் கருதத்தக்கன.

முடிவுரை

பின்லாந்தின் இணைப்பால் நேட்டோ, ரஷ்யாவுடன் கொண்டிருந்த நில எல்லையின் நீளம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. சுவீடனும் சேர்ந்தபின் பால்டிக் கடற்கரையில் ரஷ்யாவைத் தவிர ஏனைய நாடுகள் யாவும் நேட்டோ உறுப்பினராயின. பாதுகாக்க வேண்டிய எல்லையும் பாதுகாக்கும் படையும் ஒருங்கே கூடின. கூட்டாண்மைக் காலத்தின் உழைப்பு இணைப்புப் பேச்சை ஒரு நாளில் முடித்தது. அரசியல் இசைவுக்கோ பல மாதங்கள் தேவைப்பட்டன. விரிவாக்கத்தை ஆராய்வோர் தகுதியையும் இசைவையும் தனித்தனியே அளவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதினால், பின்லாந்து விரைந்து சேர்ந்ததும் ஜார்ஜியா வெளியே நிற்பதும் ஒருசேர விளங்கா.