இடுப்பெலும்பு முறிந்தால் காலம் கடத்த வேண்டாம்

பேராதனையிலிருந்து கெலிஓயா, கம்பளை ஊடாக மலையேறும் ஏ-5 வீதியில் பஸ், லொறி, முச்சக்கர வண்டி எல்லாம் நெருக்கியடித்தே ஓடுகின்றன. இவ்வீதியின் மேற்பகுதியில், கொத்மலை கெரண்டி எல்லவில் 2025 மே 11ஆம் திகதி பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துக்களில் தலைக்காயமும் கால் முறிவும் உடனே கண்ணிற்படும். இடுப்பெலும்பு முறிவு அப்படித் தெரிவதில்லை.

இடுப்பு ஒரு வளையம். இரு பக்க எலும்புகளும் பின்புறத் திருவெலும்பும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. பலத்த அடியில் வளையம் விரிந்தால், வெளியே ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் உள்ளே லீற்றர் கணக்கில் இரத்தம் கசியலாம்.

ஆகவே காயப்பட்டவரைத் தூக்கி உட்கார வைக்கவோ, முச்சக்கர வண்டிக்குள் மடக்கி ஏற்றவோ கூடாது. இடுப்பை அசைத்துப் பார்க்கவும் கூடாது. 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதுவரை, மடித்த சேலையையோ சாரத்தையோ தொடைகள் இடுப்போடு சேரும் மட்டத்தில் சுற்றி இறுக்கிக் கட்டலாம். வயிற்றின் மேல் கட்டினால் பயனில்லை. சிறுநீர் போகாவிட்டாலோ, அதில் இரத்தம் கண்டாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எல்லா முறிவுக்கும் சத்திர சிகிச்சை தேவையில்லை; வளையம் உறுதியாக இருந்தால் ஓய்விலேயே பொருந்தும். விரிந்த வளையத்தை வெளியே கம்பிச் சட்டம் பூட்டியோ, உள்ளே தகடும் திருகாணியும் வைத்தோ நிறுத்துவார்கள். தொடையெலும்பின் தலை அமரும் கிண்ணம் உடைவது அரிது, சிக்கலானது. பிரெஞ்சு வைத்தியர்களான ஜூடே சகோதரர்களும் லெத்தூர்னெலும் 1964இல் அதனைப் பத்து வகையாகப் பிரித்துக் காட்டினர். எந்த வகை என்பதைப் பொறுத்தே எப்பக்கத்தால் திறப்பது என்று தீர்மானிக்கப்படுகிறது.

கிண்ணம் விலகியிருந்தால் இரண்டு வாரங்களுக்குள் பொருத்துவது நல்லது. மூன்று வாரம் கடந்தால் எலும்பு தவறான இடத்திலேயே ஒட்டத் தொடங்கும். எண்ணெய்க் கட்டுப் போட்டுக் காத்திருப்பவர்கள் இழப்பது இந்த நாட்களைத்தான். பின்னர் மூட்டுத் தேய்ந்து, குந்தியிருந்து களை பிடுங்கவும் முடியாமற் போகலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையில் எலும்பு முறிவுப் பிரிவு உண்டு.

வீடு திரும்பிய பின் வைத்தியர் சொல்லும் வரை, பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள், அந்தக் காலில் பாரம் கொடுக்கக் கூடாது. அதுவரை மண்வெட்டியும் விறகுக்கட்டும் மற்றவர் கையில் இருக்கட்டும்.

இடம் மாறி வாழும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: வைத்தியசாலைத் துண்டையும் எக்ஸ்-கதிர்ப் படங்களையும் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஊரின் வைத்தியர் எங்கிருந்து தொடர வேண்டும் என்பதை அவைதான் சொல்லும்.