பிடிப்பவரா, காப்பவரா?

அமெரிக்கக் கால்பந்தில் முதல் சுற்றிலேயே ஓர் இளம் வைட் ரிசீவரை எடுப்பது எப்போது சரி, எப்போது தவறு?

2021 ஏப்ரல் 29. கிளீவ்லாந்து நகரில், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் டிராஃப்டின் (புதுமுக வீரர் தேர்வின்) முதல் இரவு. ஐந்தாவதாகத் தேர்வு செய்யும் உரிமை சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியிடம் இருந்தது. அதை யாருக்குச் செலவிடுவது என்று ரசிகர்கள் பல வாரங்களாக இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்சிக்கு ஜமார் சேஸ் வேண்டும். 21 வயது வைட் ரிசீவர். தடுப்பவரை ஏமாற்றி ஓடிப் பந்தைப் பிடிப்பவர். மற்றொரு கட்சிக்குப் பெனே சூவல் வேண்டும். 20 வயது டாக்கிள்; பந்தை எறியும் குவாட்டர்பேக்கின் மீது எதிரணி பாயாமல் மறித்து நிற்பவர்.

பெங்கால்ஸுக்கு இது வலியோடு வந்த கேள்வி. முந்தைய ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த குவாட்டர்பேக் ஜோ பரோ, 2020 நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து களத்திலிருந்து வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டிருந்தார். அவரைக் காக்கச் சரியான ஆளில்லை என்பது ஊரறிந்த விஷயம். அப்படியிருந்தும் அணி சேஸையே எடுத்தது. ஏழாவது இடத்தில் சூவலை டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்துக்கொண்டது.

ஐ.பி.எல். ஏலத்தில் கூடுதல் விலை கேட்பவருக்கு ஆள் கிடைப்பார். என்.எஃப்.எல். டிராஃப்டில் ஏலம் கிடையாது. முந்தைய சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு; 32 அணிகள், ஏழு சுற்றுகள். கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் இளைஞர்களை வரிசைப்படி எடுக்க வேண்டும். முதல் பத்து இடங்களுக்குள் ஒரு தேர்வு கையில் இருக்கிறதென்றால், பெரும்பாலும் அந்த அணி நன்றாக அடிவாங்கி வந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வீணாக்கினால் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

டெட்ராய்ட் கற்ற பாடம்

ரிசீவரை நம்பிக் கெட்ட கதைக்கு டெட்ராய்ட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. 2003இல் இரண்டாவது ஆளாகச் சார்லஸ் ராஜர்ஸ், 2004இல் ஏழாவதாக ராய் வில்லியம்ஸ், 2005இல் பத்தாவதாக மைக் வில்லியம்ஸ். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் தேர்வில் ரிசீவர்தான். ராஜர்ஸுக்கு முதல் இரண்டு சீசன்களிலும் காறையெலும்பு முறிந்தது. அணி தேறவேயில்லை.

2007இல் மீண்டும் ஒரு ரிசீவர், இரண்டாவது ஆளாக. இம்முறை வந்தவர் கால்வின் ஜான்சன். அவர் அசாத்தியமான வீரர். 2008 சீசனில் 12 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) எடுத்தார். அணியோ ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. 2012இல் ஒரே சீசனில் 1,964 கெஜம் எடுத்துச் சாதனை படைத்தார். அணிக்குக் கிடைத்தது நான்கே வெற்றி. 30 வயதில், ஒரு பிளே ஆஃப் (நாக் அவுட் சுற்று) வெற்றியைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றார். ஆளை எடுத்ததில் டெட்ராய்ட் தவறவில்லை. அவரைச் சுற்றி அணியைக் கட்டத் தவறியது.

ஒரு ரிசீவரால் தனியாக அணியைத் தூக்க முடியாததற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி அறுபது முறைக்கு மேல் பந்தை முன்னே நகர்த்த முயல்கிறது. எவ்வளவு பெரிய ரிசீவராக இருந்தாலும் அவரை நோக்கிப் பந்து வருவது சுமார் பத்துத் தடவைதான். குவாட்டர்பேக் கைக்குப் பந்து வந்த பின் எறிவதற்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் டாக்கிள் உள்ளிட்ட முன்வரிசைக் காவல் உடைந்துவிட்டால் ரிசீவர் எவ்வளவு அழகாக ஓடினாலும் பயனில்லை. டாக்கிளுக்கோ அந்த அறுபது முறையும் வேலை உண்டு.

பின்சுற்றிலும் கிடைக்கிறார்கள்

முதல் சுற்றில் ரிசீவரை எடுக்கத் தயங்க இன்னொரு காரணம், ரிசீவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரி அணிகள் இன்று நான்கு, ஐந்து பேரைப் பரவலாக ஓடவிட்டுப் பந்தை எறிந்துகொண்டே இருக்கின்றன. பள்ளி வயதிலேயே கோடைக்காலம் முழுக்க, அணிக்கு ஏழு பேராகப் பந்தை எறிந்து பிடிக்கும் ஆட்டம் ஆடிப் பழகிய பிள்ளைகள் வருகிறார்கள். 2024 டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் ஏழு ரிசீவர்கள் போனார்கள்.

பின்னால் கிடைத்தவர்களைப் பாருங்கள். கூப்பர் கப் 2017இல் 69ஆவது ஆள். பூக்கா நக்குவா 2023இல் 177ஆவது ஆள். முதல் சீசனிலேயே 105 பந்துகள் பிடித்து, 1,486 கெஜம் எடுத்துப் புதுமுகங்களுக்கான அதுவரையிலான சாதனைகளை முறியடித்தார். முதல் சுற்றிலோ கணிப்பு தவறுவதுண்டு. 2020இல் பிலடெல்பியா 21ஆவது இடத்தில் ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த இடத்தில் மின்னசோட்டாவுக்குக் கிடைத்தவர், ரேகரைவிட எவ்வளவோ சிறந்து விளங்கிய ஜஸ்டின் ஜெஃபர்சன். பெங்கால்ஸே 2017இல் ஒன்பதாவது ஆளாக ஜான் ராஸை எடுத்திருந்தது. 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடி அப்போதைய சாதனை படைத்தவர் அவர். முதல் சீசனில் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. கால் வேகத்தைக் கடிகாரத்தில் அளந்துவிடலாம்; ரிசீவரின் திறமை அதில் முழுதாகத் தெரியாது.

சேஸ் ஏன் வேறு?

இவ்வளவுக்கும் பிறகு, பெங்கால்ஸ் சேஸை எடுத்தது சரிதான் என்பேன். எறிபவர் அங்கே ஏற்கெனவே இருந்தார் என்பது முதல் காரணம். அவரும் சேஸும் எல்.எஸ்.யு. கல்லூரியில் சேர்ந்து ஆடியவர்கள் என்பது இரண்டாவது. 2019 சீசனில் பரோ எறிய, சேஸ் 1,780 கெஜமும் 20 டச் டவுனும் எடுத்தார். கல்லூரி தேசியப் பட்டம் வென்றது. இப்படிப்பட்ட கூட்டாளி பின்சுற்றுகளில் கிடைக்கமாட்டார். மூன்றாவது காரணம் பணம். 2011 முதல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. சேஸின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர். அவரே 2025 மார்ச்சில் போட்ட அடுத்த ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு 16.1 கோடி. டிராஃப்டில் கிடைக்கும் நல்ல ரிசீவர் அந்த முதல் ஆண்டுகளில் அணிக்குப் பெரும் மிச்சம்.

தொடக்கம் சறுக்கலாகவே இருந்தது. கொரோனா காலத்தில் ஓராண்டு ஆடாமல் இருந்தவர், பயிற்சி ஆட்டங்களில் பந்துகளைத் தவறவிட்டார். கல்லூரிப் பந்தில் வெள்ளைக் கோடுகள் இருக்கும், என்.எஃப்.எல். பந்தில் இல்லை, கண்ணுக்குப் பழக நாளாகிறது என்றார். சூவலை விட்டுவிட்டோமே என்று பலர் பொருமினார்கள். சீசன் தொடங்கியதும் பேச்சு மாறியது. 1,455 கெஜம், 13 டச் டவுன். 2022 ஜனவரி 2 அன்று கன்சாஸ் சிட்டிக்கு எதிராக மட்டும் 266 கெஜம். முந்தைய ஆண்டு நான்கே ஆட்டங்களில் வென்ற அணி, 31 ஆண்டுகளில் முதல் பிளே ஆஃப் வெற்றியைக் கண்டு, லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுல்வரை போனது.

ஆனால் காவலைத் தள்ளிப்போட்டதற்கான விலையும் அங்கேதான் கொடுக்க நேர்ந்தது. அந்த சீசனில் பரோ 51 முறை தரையில் சாய்க்கப்பட்டார். டென்னசியுடனான பிளே ஆஃபில் மட்டும் ஒன்பது முறை. சூப்பர் பவுலில் ஏழு முறை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 23–20 என்று முன்னிலையில் இருக்க, பெங்கால்ஸின் கடைசி முயற்சி. சேஸ் தன் தடுப்பாளரைத் தாண்டி ஆளில்லாத இடத்துக்கு ஓடிவிட்டார். பந்து வரவில்லை. ஆரன் டொனால்ட் அதற்குள் பரோவைப் பிடித்துச் சுழற்றியிருந்தார். அன்று ராம்ஸுக்கு வெற்றி டச் டவுனைப் பிடித்து ஆட்ட நாயகன் ஆனவர், 69ஆவது ஆளாக வந்த கூப்பர் கப். எறிந்தவர், டெட்ராய்ட்டில் ஜான்சனோடு பல ஆண்டுகள் தோற்றுப்போன அதே மேத்யூ ஸ்டாஃபர்ட்.

டெட்ராய்ட் 2021இல் வேறு வரிசையில் போனது. முதலில் சூவல், நான்காவது சுற்றில், 112ஆவது ஆளாக ஆமன்-ரா செயின்ட் பிரவுன் என்ற ரிசீவர். இருவருமே தங்கள் இடத்தில் லீக்கின் முன்னணிக்கு வந்தார்கள். 2023 சீசனில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு பிளே ஆஃப் வெற்றி. 2024இல் 17 ஆட்டங்களில் 15 வெற்றி. அதே 2024இல் சேஸ் பிடித்த பந்து, கெஜம், டச் டவுன் மூன்றிலும் லீக்கில் முதலிடம். பால்டிமோருக்கு எதிரே 264 கெஜம் எடுத்த ஆட்டத்தில் அணி 34–35 என்று தோற்றது. பிளே ஆஃபுக்கும் போகவில்லை.

மூன்று கேள்விகள்

ஆகவே டிராஃப்ட் அறையில் பையன் எவ்வளவு வேகம் என்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நம்பகமான குவாட்டர்பேக் இருக்கிறாரா? அவர் நிதானமாக எறிய முன்வரிசை நேரம் தருமா? மூன்றாவது, நான்காவது சுற்றில் கிடைக்கக்கூடியவரைவிட இவர் வெகு தூரம் மேலானவரா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஐந்தாவது இடத்திலும் தயங்காமல் எடுக்கலாம். முதல் கேள்விக்கே இல்லை என்றால், எவ்வளவு பெயர் பெற்றவரானாலும் விட்டுவிட வேண்டும். இரண்டாவது மட்டும் இடித்தால், பெங்கால்ஸ் செய்ததுபோல எடுக்கலாம். ஆனால் அதே கோடையில் காவலுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டும்.

வளமான அணியில் சேரும் ரிசீவர் அதை வெற்றி மேடைக்கு ஏற்றிவிடுவார். அடித்தளமில்லாத அணியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தும்படி 21 வயதுப் பிள்ளையிடம் கேட்பது அநியாயம். கால்வின் ஜான்சனாலேயே முடியாததை இன்னொருவர் செய்துகாட்டுவார் என்று எந்த அணியும் எதிர்பார்க்கக் கூடாது.