சிலமலைப் பிள்ளை விஸ்காம் படிக்கலாமா?

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் சிலமலை மெயின் ரோட்டில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஏறி உட்காருவார்கள். போடி, முந்தல், அதற்கு மேல் 17 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு போடிமெட்டு. செக்போஸ்ட் தாண்டினால் கேரளம், ஏலத்தோட்டம். பகலெல்லாம் குனிந்து காயெடுத்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவார்கள். அப்படிப் போய்வருகிற ஒரு தாயிடம், ப்ளஸ் டூ முடித்த மகள் “விஸ்காம் படிக்கப்போறேம்மா” என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான்: “அதப் படிச்சா சினிமாவுக்குத்தானத்தா போகணும்?”

கேட்பதில் தப்பே இல்லை. அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜாவையும், தேவாரம் தாண்டியிருக்கும் பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவையும் சினிமாவுக்கு அனுப்பிய தேனி மாவட்டம் இது. அவர்கள் இதற்கென்று பட்டம் படித்தவர்கள் அல்லர். விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் என்ற சொல் பிற்பாடு வந்தது. சென்னை லயோலா கல்லூரியில் 1989-இல் அந்தத் துறை தொடங்கியது. அங்கே சேர்ந்து பாதியில் நடிக்கப் போய்விட்ட விஜய்யின் பெயரோடு அந்தப் படிப்பும் ஊர் ஊராகப் பரவியது. விஸ்காம் என்றால் சினிமா என்று மக்கள் நினைப்பது அதனால்தான்.

உண்மையில் மூன்று வருடத்தில் கேமராவைத் தொடுகிற நாட்கள் குறைவு. செய்தி எழுதுவது, படம் வரைவது, போட்டோ எடுப்பது, வானொலிக்குப் பேசுவது, விளம்பரம், எடிட்டிங், பத்திரிகைச் சட்டம், ஒரு இன்டர்ன்ஷிப், கடைசியில் ஒரு புராஜெக்ட். ஜர்னலிசம் என்று தனியாக எடுத்தால் எழுத்து கூடும், கேமரா குறையும். எந்தப் பெயரில் இருந்தாலும் படிப்பின் அடியில் இருப்பது ஒரே கேள்வி: யாருடைய செய்தி யாருக்குப் போய்ச் சேர்கிறது, யாருடையது சேரவில்லை? சிலமலைக்கும் இந்தப் படிப்புக்கும் சம்பந்தம் உண்டென்று நான் நினைப்பது இந்தக் கேள்வியால்தான்.

பெட்டிமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 6, இரவு. மூணாறுக்கு அப்பால் ராஜமலைப் பக்கம் தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் மேல் மலை சரிந்தது. மழையில் கரண்டும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. செத்தவர்கள் 70 பேர். பெரும்பாலோர் தமிழர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள். மறுநாள் இரவு கோழிக்கோடு விமான நிலையத்தில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. அதில் 21 பேர் இறந்தார்கள். அந்த நிமிடம் முதல் தேசத்து சேனல்கள் எல்லாம் கோழிக்கோட்டில் நின்றன. பெட்டிமுடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். கேரள அரசு அறிவித்த நிவாரணம் விமான விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம். இரண்டும் உயிர்தான், இரண்டும் கண்ணீர்தான். ஆனால் ஒரு சாவுக்குப் பெரிய செய்தியாகும் தகுதி இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை.

ஏன் அப்படி? 1965-இல் நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங், மாரி ரூகே இருவரும் ஒரு கட்டுரையில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பெரிய நாடு, பெரிய மனிதர், நமக்கு நெருக்கமானவர் சம்பந்தப்பட்டால்தான் ஒரு சம்பவம் சுலபமாகச் செய்தியாகிறது என்று காட்டினார்கள். ஜர்னலிசம் படிக்கிற பிள்ளைகள் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்வார்கள். ஏலக்காட்டு வீட்டுப் பிள்ளைக்கு மனப்பாடம் தேவையில்லை. அதைப் படிக்கும்போது லயத்தில் இருக்கும் சொந்தக்காரர்களின் முகம் நினைவுக்கு வரும்.

2011 டிசம்பரையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முல்லைப் பெரியாறு அணை உடையப்போகிறது என்ற பயத்தை மலையாளச் சேனல்கள் இரவு பகலாகக் காட்டின. இந்தப் பக்கம் நம் சேனல்களில் நம் கோபம். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்கள். வேலையை விட்டுவிட்டு உயிருக்குப் பயந்து மலை இறங்கி வந்தார்கள். எது நடந்தது, எது வதந்தி என்று அன்றைக்கு அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. எஸ்டேட்டில் பேசிப் பேசி மலையாளம் பழகிய வீடுகள் சிலமலையில் உண்டு. இரண்டு மொழியிலும் செய்தி கேட்டு, இரண்டு பக்கத்திலும் விசாரித்து எழுதக்கூடிய பிள்ளை அந்த வீட்டிலிருந்துதான் வர முடியும். சென்னையில் எவ்வளவு பெரிய கல்லூரியில் படித்தாலும் அந்தக் காது வராது.

வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சின்ன ஊர்களில் பகுதிநேர நிருபர் பலருக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது. சேனலில் சேர்ந்தாலும் ஆரம்பச் சம்பளத்தில் சென்னை வாடகை கொடுத்தால் மிச்சம் அதிகம் இருக்காது. விளம்பரக் கம்பெனி, வானொலி, அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை, தொண்டு நிறுவனங்கள் என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. எதுவும் சான்றிதழைப் பார்த்து மட்டும் திறக்காது, எழுதத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நகையை அடகு வைத்து, கேமரா லேப் பளபளக்கிறது என்பதற்காக ஒரு கல்லூரியில் சேர்ப்பது பெரிய தப்பு. மாணவர்கள் நடத்தும் பத்திரிகை இருக்கிறதா, சமுதாய வானொலி இருக்கிறதா, இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ 2004-இல் தொடங்கியது. அப்படி ஒரு நிலையத்தில் ஒரு வருடம் மைக் பிடித்தால், பத்து லேப் பார்த்ததைவிட மேல். வேறு பாடம் படிக்கிற பிள்ளைக்கும் வழி இருக்கிறது. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில் எந்தப் பட்டம் படித்தவர்களும் எழுதப் பழகியிருக்கிறார்கள்.

2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்து சென்னைக்கு நேராக ரயில் ஓடுகிறது. பிள்ளையை ஏற்றிவிடுவது இப்போது சுலபம். அதற்கு முன்னால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் உங்களோடு அதே ஜீப்பில் மகளையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். என்ன கூலி, எத்தனை கிலோ, கங்காணி என்ன சொன்னார், ஜீப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று அவளே கேட்டு, பார்த்து, திரும்பி வந்து இரண்டு பக்கம் எழுதட்டும். யாரும் சொல்லாமலேயே மறுநாளும் எழுத உட்கார்ந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.