பட்டா கேட்டதால் கூரை ஏறவில்லை

2017 செப்டம்பர் 20. மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவின் தென்கிழக்கில், யபுகோவா அருகே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். தீவு முழுக்க மின்சாரம் போனது. கடைசி வீடு வரை அது திரும்ப ஏறத்தாழ 11 மாதம் ஆனது. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவில் ஏன் இத்தனை தாமதம்?

பெரிய மின் நிலையங்கள் பலவும் தென்கரையில் இருக்கின்றன. மின்சாரம் அதிகம் வேண்டியதோ வடகரையில், தலைநகர் சான் ஹுவானில். நடுவே மலைத்தொடர். அதன் மேல் சென்ற கம்பிகளும் கோபுரங்களும் சாய்ந்தன. கடனில் மூழ்கிய அரசு மின் வாரியம் அந்த ஜூலையில்தான் திவால் மனு கொடுத்திருந்தது. பராமரிப்பு கைவிடப்பட்டுப் பல காலம் ஆகியிருந்தது. இருள் உயிர்களையும் வாங்கியது. முதலில் 64 என்ற அரசின் சாவுக் கணக்கு, 2018 ஆகஸ்டில் 2,975 ஆனது.

வீடுகளின் கதை இதைவிட வேதனை. மலைக்கிராமங்களில் மரச்சட்டத்தின் மேல் தகரத்தை ஆணியடித்த கூரைகள் ஏராளம். காற்று இறவாணத்துக்கு அடியில் புகுந்து தகரத்தை மேலே தூக்கிவிடும். சட்டத்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் இருந்தால் பல கூரைகள் தப்பும். செலவும் பெரிதல்ல. ஆனால் அதற்கு முன் நிவாரணம் கைக்கு வர வேண்டுமே.

அமெரிக்க மத்தியப் பேரிடர் முகமை சொத்துரிமைக்கு ஆதாரம் கேட்டது. தாத்தா நிலத்தில் பேரன் கட்டிய வீட்டுக்குப் பத்திரம் ஏது? பத்திரப் பதிவு அங்கே சட்டப்படி கட்டாயமும் இல்லை. இருந்தும் பல்லாயிரம் மனுக்கள் தள்ளுபடியாயின. இது கொடுமை என்றுதான் சொல்ல வேண்டும். தற்காலிகமாகப் போட்ட நீலத் தார்ப்பாய்களின் கீழ் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன.

சட்ட உதவி வழக்கறிஞர்கள் விடாமல் போராடினார்கள். 2018இல் உறுதிமொழிப் படிவம் போதும் என்று முகமை ஒப்புக்கொண்டது. ஆனால் அதை ஊரறியச் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில்தான் அமெரிக்கா முழுவதற்கும் விதி தளர்ந்தது. அதற்குள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் தீவை விட்டே போயிருந்தார்கள்.

மின்சாரத்தில் வழி காட்டியது அட்ஹுன்டாஸ் மலை ஊர். அங்கே 'காசா புவேப்லோ' என்ற மக்கள் அமைப்பின் கூரையில் சூரியத் தகடுகள் இருந்தன. மரியாவுக்குப் பிறகு மக்கள் கைபேசிக்கும் மருத்துவக் கருவிக்கும் மின்னேற்ற அங்கேதான் வந்தார்கள். 2022 செப்டம்பரில் ஃபியோனா சூறாவளியில் தீவு மறுபடி இருண்டபோதும் அந்தக் கட்டடத்தில் விளக்கு எரிந்தது. மறு ஆண்டே ஊர்க் கடைகளை இணைக்கும் சூரிய மின் வலைப்பின்னல் அங்கே தொடங்கப்பட்டது.