ஏற்றியவர் ஒருவர், பொறுப்பு யாருக்கு?

உயிரோடிருக்கும் ஓர் எழுத்தாளரின் நாவலை யாரோ ஒருவர் முழுதாக ஸ்கேன் செய்து, எவரும் கோப்புகளை ஏற்றக்கூடிய ஓர் இணையதளத்தில் போட்டுவிடுகிறார். ஏற்றியவரின் பெயர்கூடத் தெரியாது. அப்படியானால் எழுத்தாளர் யாரிடம் போய்க் கேட்பது? நம் கூடுகைகளில் அடிக்கடி எழும் இந்தக் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

இத்தகைய பெரிய தளங்களில் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே 1998இல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் 512ஆம் பிரிவு தளத்தாருக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. மீறல் தெரியவந்ததும் தாமதிக்காமல் நீக்க வேண்டும். தம்மால் தடுக்கக்கூடிய மீறலிலிருந்து நேரடியாகப் பணம் பார்க்கக் கூடாது. திரும்பத் திரும்ப மீறுபவரின் கணக்கை மூட வேண்டும். புகார் பெறுபவர் யார் என்பதை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும்.

இதன் எல்லையைச் சோதித்தது வயாகாம் நிறுவனம் யூடியூப் மீது 2007இல் தொடுத்த வழக்கு. கேட்ட இழப்பீடு 100 கோடி டாலருக்கு மேல். தளத்தில் மீறல் மலிந்திருக்கிறது என்ற பொதுவான அறிவு போதாது, குறிப்பிட்ட பதிவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்றன நீதிமன்றங்கள். ஆனால் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதும் தெரிந்திருந்ததற்குச் சமமாகலாம் என்று 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது. 2014இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

ஆகவே எழுத்தாளரின் புகார்தான் திறவுகோல். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, நூலைப் பதிவு செய்திருக்கவும் வேண்டாம். எந்த நூல், எந்த இணைப்பு, தொடர்பு முகவரி, உண்மையென்ற உறுதிமொழி, கையொப்பம் ஆகியவை போதும். ஏற்றியவர் எதிர்ப்புத் தெரிவித்தால், 10 முதல் 14 வேலை நாட்களில் தளம் அதை மீண்டும் வைத்துவிடும். அதைத் தடுக்க எழுத்தாளர் வழக்குத் தொடுத்தாக வேண்டும்.

இந்தியாவில் புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் தளம் அதைத் திரும்பத் திறக்கலாம்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. இன்று நீக்கப்பட்ட நாவல் நாளை வேறு பெயரில் வந்தால் மறுபடி புகார் எழுத வேண்டும். காவல் காக்கும் வேலை எழுத்தாளர் தலையில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த நெறிமுறையின் 17ஆம் பிரிவு, புகார் வந்த படைப்பு மீண்டும் ஏறாமல் தடுக்க இயன்றவரை முயலும் கடமையைப் பெருந்தளங்கள் மேல் வைத்தது. ஆனால் அந்த வேலையைச் செய்யும் இயந்திரத்துக்கு விமர்சகர் காட்டும் மேற்கோளும் திருட்டும் ஒன்றாகத் தெரியக்கூடும் என்ற அச்சமும் கூடவே வந்தது.

நம் வாசிப்புக் குழுக்களில் பிடிஎஃப் கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் தளத்தாரை விட்டுவிடலாம், நாவலை ஏற்றியவரை விடுவதில்லை.