பிள்ளையை யார் பார்ப்பது?

வன்னியில் ஓர் இளந்தாய் மேற்கொண்டு படிக்கப் போகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று வாய் திறந்தால் வீட்டிலும் ஊரிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை யார் பார்ப்பது? கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை அவள் ஒருத்தியே தேடிக்கொள்ள வேண்டும் என்று நாம் எண்ணுவதுதான் நியாயமில்லாதது. மகளிர் தினம் வந்தால் நேர முகாமைத்துவம் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறோம். கைக்குழந்தையோடு பட்டம் பெற்றவளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அந்தப் பிள்ளையை இரண்டு மூன்று வருடம் தூக்கி வளர்த்த அம்மம்மாவையோ சித்தியையோ பற்றி மேடையில் எவரும் பேசுவதில்லை. அப்படி ஓர் ஆள் இல்லாத வீட்டில், தாய்க்கு எவ்வளவு மனவுறுதி இருந்தாலும் படிப்பு நின்றுவிடும். ஆகவே இதைத் தனி ஒருத்தியின் மனவுறுதிக் கணக்காகப் பார்ப்பதை விட்டு, தெருவும் குடிநீரும் போல ஊர் பொதுவில் செய்து தர வேண்டிய வசதியாகப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

படிப்பின் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இருபது வருடங்களுக்கு முன் இருந்ததைவிட இன்று வன்னியில் உயர்கல்விக்கு இடம் அதிகம். பம்பைமடுவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நிற்கத் தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. 2016 இல் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கே திறக்கப்பட்டது. கட்டடங்களுக்குக் குறையில்லை. ஆனால் இந்த நிறுவனங்களுக்குள் நுழையும் வழிகள், பொறுப்பு எதுவும் இல்லாத இருபது வயதுக்காரரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டவை. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியையாகப் பயில வேண்டுமானால் இரண்டு வருடம் விடுதியில் தங்க வேண்டும். அதன்பின் ஒரு வருடம் உட்பயிற்சி. தாதியர் பயிற்சிக்கு ஆள் எடுக்க வருடா வருடம் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல்கள் விண்ணப்பதாரி மணமாகாதவராக இருக்க வேண்டும் என்றே சொல்லி வந்தன. பிள்ளை பெற்றவளை ஒரு மருத்துவத் தொழிலே வாசலில் மறிப்பது விசித்திரந்தான். பல்கலைக்கழகத்தில் அப்படித் தடை இல்லை. அங்கே பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. பிள்ளைக்கு ஒரு கிழமை காய்ச்சல் வந்தால், தாயின் வரவுப் பதிவில் அது தெரியும்.

பாடசாலை வயதிலேயே தாயானவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. 1995 இலிருந்து பொதுச் சட்டப்படி திருமண வயது 18. 2016 இலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். இரண்டு சட்டமும் நல்லவைதான். ஆனால் பதினாறில், பதினேழில் ஒருவனோடு சேர்ந்து வாழப் போய்க் கர்ப்பமான பெண்ணுக்குப் பதிவுத் திருமணமும் இல்லை, சீருடையோடு வகுப்புக்குத் திரும்பும் துணிவும் இல்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதலாம் என்று சொல்லிவிடுவது எளிது. கணிதத்தை வீட்டிலிருந்து தானாகப் படித்துத் தேறுவது, தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருப்பவளுக்கு எளிதல்ல. திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் மூன்று மணித்தியாலம் பிள்ளையை விட ஓர் இடம் இருந்தால், முறைசாராக் கல்வி வகுப்புக்கு அவள் வந்துவிடுவாள்.

வேலையின் பக்கம் வந்தால், 2009 இல் போர் முடிந்தபின் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் வானவில், விடியல். வவுனியாவில் ஒமேகா லைன். விடியற்காலையில் ஏ35 வீதியோரமாகத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள்தான் பல வீடுகளின் மாதச் சம்பளம். இவர்களுக்குச் சட்டம் தருவது 84 நாள் பிரசவ விடுமுறை. அது முடியும்போது பிள்ளைக்கு ஏறத்தாழ மூன்று மாதம். அதே அரசின் சுகாதாரத் துறையோ ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காதே என்று குடும்பநல உத்தியோகத்தர் மூலம் வீடு வீடாகச் சொல்லி அனுப்புகிறது. நடுவில் விழும் மூன்று மாதத்துக்கு எவரிடமும் பதில் இல்லை. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டத்தில், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவளுக்குப் பாலூட்ட ஒரு வேலை நாளில் இரண்டு இடைவேளை உண்டு: வேலைத்தளத்தில் பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் தலா அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். கடதாசியில் அழகான ஏற்பாடு. தாய் அறிவியல் நகரில், பிள்ளை விசுவமடுவில் என்றால் அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் போய்ச் சேரவே மாட்டாள். கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு மெசினுக்குத் திரும்புவாள். போதாக்குறைக்கு, தனியார் துறையில் பிரசவ விடுமுறைச் சம்பளம் முழுவதையும் முதலாளியே கட்ட வேண்டும். பொதுக் காப்புறுதி எதுவும் இல்லை. கலியாணம் கட்டாத பிள்ளைகளாகப் பார்த்து எடுக்க இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

இந்த இடத்தில் வழக்கமாக வரும் மறுப்பு, அம்மம்மா இருக்கிறாதானே என்பது. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அது ஓரளவு பொருந்தலாம். 2009 இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்து, ஏறத்தாழ மூன்று இலட்சம் பேராக வவுனியா முகாம்களில் அடைக்கப்பட்டு, 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்படும் வரை கட்டங்கட்டமாக மீள்குடியேறிய ஒரு சமூகத்தில் எல்லா வீட்டிலும் அம்மம்மாவை எதிர்பார்க்க முடியாது. இருக்கும் அம்மம்மாவும் மூலையில் இருந்து பாக்கு இடிப்பவரல்ல. போர்க்காலத்தில், இயக்கம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் பதினாறு, பதினேழு வயதிலேயே பலருக்குத் திருமணம் முடித்துவைத்தார்கள். அவர்களில் பலர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். புருசனை இழந்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் போய் நுண்கடன் கட்டுபவர்கள் அவர்கள்தான். மகள் வேலைக்குப் போகத் தாய் வேலையை விட வேண்டும் என்றால், குடும்பத்துக்கு இலாபம் எங்கே?

தாயின் மடியைப் போல வேறு இடம் வருமா என்று கேட்பவர்களை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆறு மாதத்துக்குள் தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அதற்கு வேண்டியது நீண்ட விடுமுறை. அதன்பின், இப்போது நடப்பதோடு ஒப்பிட்டுத்தான் பகல் பராமரிப்பு நிலையத்தை எடை போட வேண்டும். எட்டு வயது அக்கா பாடசாலைக்குப் போகாமல் தம்பியைப் பார்ப்பதும், திறந்த கிணறுள்ள வளவில் அயலட்டையின் கண்பார்வையில் பிள்ளையை விட்டுப் போவதும் இன்றைய பராமரிப்பு. பயிற்சி பெற்ற ஒருவர், சுவரும் கதவும் உள்ள அறை, நேரத்துக்கு ஒரு கோப்பை பயற்றங்கஞ்சி என்பவை அதைவிடக் குறைந்தவை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

இது வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. மலையகத் தோட்டங்களில் பிள்ளைமடுவம் வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். கொழுந்து பறிக்கக் கை வேண்டும் என்ற கம்பனியின் தேவைதான் அதைக் கட்டியது, தாயின் மீதுள்ள கருணை அல்ல. இருந்தும், பெண்கள் மூன்றில் ஒருவர் அளவிலேயே வேலைப்படையில் இருக்கும் இந்த நாட்டில், தோட்டப்புறம் நகரத்தையும் கிராமத்தையும் எப்போதும் முந்தி நிற்பதற்கு வறுமையோடு இந்த மடுவங்களுக்கும் பங்கு உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை. ஆபிரிக்காவில் நைரோபியின் கொரொகோச்சோ சேரியில் செய்த ஓர் ஆய்வில், பிள்ளைப் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டதும் தாய்மாரில் வேலைக்குப் போவோர் தொகை கூடியது. ஏற்கெனவே வேலை செய்தவர்கள் வருமானம் குறையாமலே வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளவும் முடிந்தது.

காசுக்கு எங்கே போவது? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எல்லாரும் கேட்கும் கேள்வி. கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. மீள்குடியேறிய கிராமங்களில் தொண்டு நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த முன்பள்ளிகள் மத்தியானத்தோடு பூட்டப்பட்டு மறுநாள் காலை வரை சும்மா கிடக்கின்றன. வேண்டியது பிற்பகலுக்கு இன்னொரு பராமரிப்பாளர், மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு சிறு அறை, மத்தியானச் சாப்பாடு. சம்பளத்துக்கு அரசிடம் பணமில்லை என்பதை வன்னியில் சொல்லவே கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு முன்பள்ளிகள் பலவற்றைப் அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் எடுத்து நடத்தியபோது, மாகாணத்தின் கீழிருந்த ஆசிரியைகள் வாங்கிய சொற்பக் கொடுப்பனவைப் போலப் பல மடங்கு அங்கே சம்பளமாகக் கிடைத்தது. இராணுவ நிர்வாகத்தின் கையில் மழலையர் கல்வி இருக்கக் கூடாது என்பது தனி வாதம், நியாயமான வாதம். விரும்பியபோது பணம் வந்தது என்பதற்கு அது சாட்சி.

இளவயதுத் திருமணத்தை இது ஊக்குவிக்கும் என்ற அச்சமும் உண்டு. பராமரிப்பு நிலையம் இருக்கிறது என்று நம்பி எவளும் பதினேழில் பிள்ளை பெறுவதில்லை. படிப்பு அறுந்தபின் இரண்டாவது பிள்ளையை விரைவில் பெறுகிறவர்கள்தான் கண்முன் இருக்கிறார்கள். தகப்பன்மாரின் பங்கைக் கேட்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு. அரச ஊழியனுக்கு மூன்று நாள் தந்தைமை விடுமுறை தரும் நாட்டில் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை.

முன்பள்ளிகள் மாகாண சபைக்குரிய விடயம். வட மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன்பின் ஆண்டுக்கணக்காக ஆளுநரின் நிர்வாகந்தான். ஆனால் பிரதேச சபைகளுக்கு 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. கரைச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வவுனியாவிலும் உங்கள் வட்டாரத்து உறுப்பினர் படலை வரை வந்து வாக்குக் கேட்டவர்தான். தெருவிளக்கும் மதகும் கேட்கும்போது, முன்பள்ளியைப் பின்னேரம் நாலரை வரை திறந்துவைக்க அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்றும் அவரிடம் கேளுங்கள்.